செய்துபார் என்று சொல்லும் நூல்கள்

ஒரு காரியத்தை இன்னபடி செய்யவேண்டும் என்று கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நூல்களுக்கு நம் விமரிசகர்களிடம் என்றைக்குமே பெரிய மதிப்பு இருந்ததில்லை. நாவலுக்குப் பரிசு உண்டு. கவிதைக்கு அரங்கு உண்டு. பழைய ஏட்டுச்சுவடியை அச்சேற்றியவருக்குச் சிலைகூட உண்டு. ஆனால் பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும் முறையைப் பற்றியோ, கணினிக்கு நிரல் எழுதும் வகையைப் பற்றியோ, மேலதிகாரிக்கு ஓர் அறிக்கை தயாரிக்கும் விதத்தைப் பற்றியோ நூல் எழுதினவருக்கு நாலுவரி மதிப்புரை கிடைப்பதும் அபூர்வம். ஆயினும், 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ஒரு மாலைப்பொழுது வாயிலருகே நின்று, வெளியேறுகிறவர்களின் துணிப்பைகளைக் கவனித்தால், மதிப்புரை காணாத இந்த நூல்களே பை பையாகப் போகின்றன என்பது விளங்கிவிடும். வாங்குகிறவர்களில் அநேகர் அட்டையைப் பார்த்து வாங்குகிறார்கள். வாங்கிய நூல் பிரயோஜனப்படாமற்போனால், தம்முடைய சோம்பலே அதற்குக் காரணம் என்று தம்மையே நொந்துகொள்ளுகிறார்கள். அப்படி நொந்துகொள்ளவேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். இந்த வகை நூல்களைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வழி உண்டு. அதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் இவ்வகை நூல்களின் சிகரம் எது என்று கேட்டால், சற்றும் தயங்காமல், எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ என்பேன். உறவினர் பலரும் இது எப்படிச் செய்வது, அது எப்படிச் செய்வது என்று அந்த அம்மையாரை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க, அவற்றையெல்லாம் ஒரு நூலாகவே எழுதிவிடும்படி அவருடைய உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டியதன் பயனாகப் பிறந்தது அது. ‘ஒரு கை’, ‘திட்டமாக’, ‘வேண்டிய மட்டும்’ என்று பாட்டிமார் சொல்லிவந்ததை அளவு சொல்லி எழுதியதே பெரிய காரியம்; அதனினும் பெரிய காரியம் அந்தத் தலைப்பு. சமை, பிறகு பார். அம்மையார் சொன்னபடி செய்து பார்த்தால், அவர் சொன்னது மெய்யா பொய்யா என்பது அன்று மத்தியானமே இலையில் தெரிந்துவிடும். தன் நாணயத்தை இப்படி வாசகன் கையிலேயே ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிநிற்கும் துணிவு எத்தனை நூல்களுக்கு உண்டு?

இந்தச் ‘செய்’ என்பதற்கும் ‘பார்’ என்பதற்கும் இடையே கழிகிற காலத்தைக் கொண்டே, கற்றுக்கொடுக்கும் நூல்கள் அனைத்தையும் நான் வகைப்படுத்திக்கொள்ளுகிறேன். சமையலில் அது ஒரு முகூர்த்த நேரம். கணினி நிரலில் கண்ணிமைப்பொழுது. குழந்தை வளர்ப்பிலோ இருபது வருஷம். அதற்குள் நூலாசிரியர் காலமாகிவிடவும் கூடும். உத்தியோக முன்னேற்றத்தில், ஒருவர் உயர்ந்தது நூலைப் படித்ததனாலா, மாமனார் சிபாரிசினாலா, கிரகபலத்தினாலா என்று தீர்மானிக்கும் நாள் வருவதேயில்லை. விடை எவ்வளவுக்கெவ்வளவு தாமதிக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அந்தத் துறையில் போலி நூல்கள் பெருகும் என்பதும், ஆகையால் துறைக்குத் துறை வாசகனுடைய ஜாக்கிரதையும் வேறுபடவேண்டும் என்பதும் என் கட்சி. டூயி பகுப்புமுறையைப் பின்பற்றும் நூலகங்களில் சமையல் நூல்களுக்கு 641.5 என்றும், குழந்தை வளர்ப்புக்கு 649 என்றும், தொழில் முன்னேற்றத்துக்கு 650.1 என்றும் எண் கொடுத்து மூன்றையும் அண்டைவீட்டுக்காரர்களாகக் குடியமர்த்தியிருப்பார்கள்; நிரல் நூல்கள் மாத்திரம் 005 என்ற எண்ணோடு வரிசையின் தொடக்கத்திலேயே தனித்து நிற்கும். குணத்தால் சமையலுக்கு மிகவும் நெருங்கிய உறவு, தூரத்தில் நிற்கும் அந்த நிரல் நூல்தான்.

நூலொன்றைக் கையில் எடுத்தவுடன் அதைப் பரிசோதிக்கும் முறையை அயல்நாட்டாரிடம் போய்க் கேட்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் அதை வகுத்துவைத்துப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. செய்தவர் யார், எந்த முன்னோர் வழியில் செய்தார், எதைப் பற்றிப் பேசுகிறார், யார் கேட்பதற்காகச் செய்தார், கேட்டவருக்கு என்ன பயன் என்பவற்றையெல்லாம் நூலின் முகப்பே சொல்லிவிடவேண்டும் என்பது இலக்கணம். எந்தக் காலத்தில், எந்தக் களத்தில், எக்காரணத்தால் பிறந்தது என்பதையும் சேர்த்துக்கொள்வாரும் உண்டு. இவற்றுள் ‘கேட்போர்’ என்ற ஒன்றே இன்றைய நூல்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது. எல்லாருக்கும் உரிய நூல் என்று பின்னட்டையில் கண்டால், அது ஒருவருக்கும் உரியதன்று என்று கொண்டு கீழே வைத்துவிடலாம். நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் அந்த இலக்கணமே எண்ணிக் கூறுகிறது. அவற்றுள் மூன்றுக்கு மேலே செல்லச்செல்ல நமக்கு வேலை இருக்கிறது.

நிரல் நூல்களை முதலில் எடுத்துக்கொள்ளுகிறேன். இங்கே பொய் சொல்லிப் பிழைக்க முடியாது. ஓர் அரைப்புள்ளி தவறினாலும் இயந்திரம் அந்தக் கணமே மறுத்துவிடுகிறது. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் சேர்ந்து 1978-இல் எழுதிய சி மொழி நூல், 1988-இல் திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பிலும் முந்நூறு பக்கத்தை எட்டவில்லை. ரிட்சியோ அந்த மொழியை ஆக்கியவரே. உலகத்துக்கு வணக்கம் சொல்லும் ஒரு சிறு நிரலை முதற்பாடத்திலேயே எழுதி இயக்கும்படி வாசகனை ஏவுகிற அந்த நூல், விளக்கத்துக்கும் பயிற்சிக்கும் இடையே மூச்சுவிட இடம் கொடுப்பதில்லை. நிரல் எழுதுவதில் ஏற்கெனவே கொஞ்சம் பழக்கமுள்ளவர்களுக்காகவே இதை எழுதினோம் என்று ஆசிரியர்கள் முன்னுரையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாயிரத்தைப் படிக்காமல், பெயரைக் கேட்டு வாங்கி, முதல் மாதத்திலேயே மனமுடைந்துபோன இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது, மாணவன் நிற்கிற இடத்துக்கு இறங்கிவந்து கைபிடித்து ஏற்றும் நூல். யஷ்வந்த் கனேட்கரும், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய இ. பாலகுருசாமியும் எழுதிய நூல்கள் நம் தேசத்துப் பொறியியல் மாணவர்களிடையே அத்தனை பரவியதன் ரகசியம் அதுவே.

நிரல் நூலுக்கு ஒரு சாபம் உண்டு. அதற்கு வயது சீக்கிரம் ஆகிவிடுகிறது. சென்ற வருஷம் திருவல்லிக்கேணியில், இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றே பலர் வாயில் வழங்கும் பாரதி சாலையின் நடைபாதைக் கடையில், பைத்தான் மொழி பற்றிய தடித்த நூலொன்றை அறுபது ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கி, என் தங்கை மகனுக்குக் கொடுத்தேன். முன்பு வைத்திருந்தவர் ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிரே பென்சிலால் ‘சரி’ போட்டிருந்தார். ஆகவே நம்பிக்கையான நூல் என்று எண்ணினேன். பையன் முதற்பயிற்சியைப் பார்த்து, பிரிண்ட் என்ற கட்டளையை அடித்து, இடைவெளி விட்டு, மேற்கோள் குறிகளுக்குள் ‘வணக்கம்’ என்று எழுதி இயக்கினான். இயந்திரம் மறுத்தது. அடைப்புக்குறியைக் காணோம் என்று அது ஆங்கிலத்தில் சொல்லத்தான் சொன்னது. அவனோ தன்னுடைய தமிழ்த் தட்டச்சில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, ‘வணக்கம்’ என்பதையே நாலுதரம் அழித்து அழித்து அடித்துக்கொண்டிருந்தான். நூல் பைத்தானின் இரண்டாம் தலைமுறைக்கு எழுதப்பட்டது; 2008-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் அந்த அடைப்புக்குறி கட்டாயமாயிற்று; பழைய தலைமுறைக்குக் கொடுத்துவந்த ஆதரவும் 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பென்சிலால் ‘சரி’ போட்டவர் பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் அது சரிதான். இதே விதமாக, போர்லாந்து நிறுவனம் 1987-இல் வெளியிட்ட டர்போ சி என்னும் நீலத்திரைத் தொகுப்பியைப் பல கல்லூரிகள் நெடுங்காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததனால், அந்தத் தொகுப்பிக்கே உரிய கட்டளைகளை மொழியின் இலக்கணம் என்று மனப்பாடம் செய்து, வேலைக்குப் போன இடத்தில் விழித்தவர்கள் அநேகர்.

ஆகையால் நிரல் நூல் வாங்குகிறவர் அட்டையைத் தாண்டி, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்துக்கு முதலில் போகவேண்டும். எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு, மொழியின் எந்தத் தலைமுறை என்பவை அங்கே தெரியும். பிறகு முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு நடுநூலைத் திறந்து ஒரு பயிற்சியைப் படித்துப் பார்க்கவேண்டும். தொடக்கத்தில் அடிமேல் அடி வைத்து நடத்திச்சென்று, நூறாம் பக்கத்துக்குமேல் மூச்சு வாங்கி, கடைசியில் வெறும் குறிப்புகளாக மெலிந்துபோகும் நூல்கள் இத்துறையில் ஏராளம். ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று நன்னூலார் குற்றம் சாட்டியது இதைத்தான். மூன்றாவதாக, ஆசிரியர் தம் பிழைகளை எங்கேனும் ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்று பார்ப்பது. இதில் டொனால்ட் கனூத்தை மிஞ்சியவர் இல்லை. 1968-இல் முதற்பாகம் வெளிவந்த அவருடைய நிரற்கலைப் பெருநூலில் ஒரு பிழை கண்டு சொல்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்புவதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். இருநூற்றைம்பத்தாறு என்பது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் ஒரு முழு நூறு. கணினி அறிவியல் பேராசிரியரின் குறும்பு அது. பெற்றவர்களில் பலர் காசோலையை வங்கிக்குக் கொண்டுபோகாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார்கள். 2008 முதல் மெய்க்காசோலையை நிறுத்தி, கற்பனை வங்கியொன்றின் சான்றிதழ் தருகிறார், மரியாதையில் குறைவில்லை.

தமிழிலேயே நிரல் கற்கமுடியுமா என்று கேட்பவர்களுக்கு, ‘எளிய தமிழில்’ என்று தொடங்கும் தலைப்புகளோடு து. நித்யா முதலியோர் எழுதி, கணியம் வெளியீடாக இலவசமாகவே கிடைக்கும் மின்னூல்களைக் காட்டுவேன். ஆங்கிலப் பதமும் தமிழ்ப் பதமும் பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும் என்பதொன்றே என் நிபந்தனை. பள்ளிப் பாடநூல் செயற்கூறு என்கிறது, பையன் ஃபங்ஷன் என்கிறான். இரண்டையும் இணைத்துக்காட்டாத நூல் அவனை நடுவழியில் இறக்கிவிட்டுவிடும்.

குழந்தை வளர்ப்பு நூல்களுக்கு வருவோம். இங்கே கேட்கிறவரும் சொல்லுகிறவரும் இருட்டிலே பேசிக்கொள்ளுகிறார்கள் என்றால் மிகையாகாது. நம்மிடம் குழந்தைகளின் பிணிகளுக்குப் பாலவாகடம் என்ற சித்த மருத்துவ நூல் உண்டு. வளர்ச்சிப் படிகளைக் குறிப்பதற்கு, விந்தையாக, ஒரு கவிதை வகையே உண்டு. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை, ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி, ஓராண்டையொட்டி வருகை என்று பருவம் வகுத்தது, குழந்தை தலைநிமிர்த்தி ஆடுவதையும் கைகொட்டுவதையும் நடந்துவருவதையும் கண்ணாரக் கண்டவர்கள் வகுத்த கணக்கு. மேல்நாட்டில் இதே கண்காணிப்பு மருத்துவர் கைக்கும் உளநூலார் கைக்கும் போனபோது நேர்ந்தது வேறு. 1928-இல் ஜான் வாட்சன் என்ற உளநூல் அறிஞர், குழந்தையை முத்தமிடாமலும் மடியில் வைத்துக்கொள்ளாமலும், காலையில் கைகுலுக்கி வளர்க்கவேண்டும் என்று தாய்மாருக்கு நூல் எழுதினார். விஞ்ஞானத்தின் குரல் என்று எண்ணிப் பலரும் கேட்டார்கள். பின்னாளில், போதிய ஞானமில்லாமல் அதை எழுதிவிட்டதாக ஆசிரியரே வருந்தினார். முத்தத்துக்கென்றே ஒரு பருவம் வகுத்த நம் புலவர்கள் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

அந்தக் கடுமைக்கு மாற்றாக 1946-இல் வந்தது பெஞ்சமின் ஸ்பாக்கின் நூல். தாயே, உன் அறிவை நீ நம்பு என்ற தொனியில் பேசிய அந்த மருத்துவரின் நூல், அவர் 1998-இல் மறைவதற்குள் ஏறக்குறைய ஐந்துகோடிப் பிரதிகள் விற்றது. நல்ல மனிதர் எழுதிய நல்ல நூல். ஆயினும், நான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததற்கே காரணமான ஒரு தவறு அதில் நேர்ந்தது. 1950-களின் பிற்பகுதியில் வந்த பதிப்பில், குழந்தையை மல்லாக்கக் கிடத்தினால் கக்கும்போது மூச்சடைத்துவிடக்கூடும், ஆகவே குப்புறக் கிடத்துவதே நலம் என்று அவர் எழுதினார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. மெய்யோ நேர்மாறானது, குப்புறத் தூங்கும் சிசுக்களே தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்துபோகும் அபாயத்துக்கு அதிகம் உள்ளாகிறார்கள். 1991-இல் பிரிட்டனிலும் 1994-இல் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள் என்று இயக்கம் நடத்தியபின், அந்த மரணங்கள் பாதிக்குமேல் குறைந்தன. பழைய ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 2005-இல் வெளியான ஆய்வொன்று, அபாயத்துக்கான சான்று 1970-லேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்று கண்டது. இருபது வருஷகாலம், நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு வாக்கியம், திருத்துவாரின்றி எத்தனையோ தொட்டில்களின் அருகே திறந்துகிடந்தது.

இதைக் கேட்டவுடன், நூலே வேண்டாம், பாட்டி போதும் என்று சொல்லத் தோன்றும். குழந்தையைப் பாயில் மல்லாக்க விட்டு, அது தானாகக் குப்புற விழும் நாளில் பட்சணம் செய்து கொண்டாடும் நம் வீட்டுப் பாட்டி இந்த விஷயத்தில் ஜெயித்தவள்தான். ஆனால் அதே பாட்டி, பிறந்த சிசுவின் நாக்கில் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவுகிறாள். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது நச்சுக்கிருமிக்கு இடம் கொடுக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே பாட்டியையும் நூலையும் ஒரே கேள்வியால்தான் சோதிக்கவேண்டும்: நீ கடைசியாக உன்னைத் திருத்திக்கொண்டது எப்போது? இதற்கு எளிய உரைகல் ஒன்று சொல்லுகிறேன். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டிய காலம் நாலு முதல் ஆறு மாதம் என்றிருந்ததை, முழுமையாக ஆறு மாதம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2001-இல் மாற்றியது. கடையில் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். நாலாம் மாதத்தில் கஞ்சி கொடுக்கச் சொல்லும் நூல், அட்டை எவ்வளவு பளபளத்தாலும், இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய சரக்கு.

உடலைப் பற்றியதை இப்படிச் சோதித்துவிடலாம். மனத்தைப் பற்றியதை முடியாது. அதற்கு விதிகள் அடுக்கும் நூலைக்காட்டிலும், ஒருவர் தாம் செய்துபார்த்ததையும் தோற்றதையும் ஒளிக்காமல் சொல்லும் நூலையே நான் நம்புவேன். குஜராத்தி ஆசிரியர் ஜிஜுபாய் பதேக்கா கதைவடிவில் எழுதியதும், தமிழில் ‘பகல் கனவு’ என்று கிடைப்பதுமான சிறுநூலில், பிள்ளைகளை அமைதிப்படுத்தப்போன ஆசிரியர் முதல்நாளே தோற்றுத் திரும்புகிறார். அங்கேதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

உத்தியோக முன்னேற்ற நூல்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பரம்பரை பெரியதுதான். சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-இல் தொடங்கிவைத்தார். ஜேம்ஸ் ஆலனின் நூல்களை ‘மனம் போல வாழ்வு’, ‘அகமே புறம்’ என்று தமிழாக்கியவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை; அப்துற் றஹீமும் தமிழ்வாணனும் எம். எஸ். உதயமூர்த்தியும் எத்தனையோ கிராமத்து இளைஞர்களை நிமிர்ந்து உட்காரச் செய்தார்கள். அந்த உபகாரத்தை நான் மறுக்கவில்லை. சோர்ந்த மனத்துக்குத் தெம்பு ஊட்டுவது ஒரு காரியம், தொழில் கற்றுக்கொடுப்பது மற்றொரு காரியம் என்றுமட்டும் சொல்லுகிறேன். இருபது பக்கத்தில் அடங்கும் ஒரு கருத்தை இருநூறு பக்கமாக இழுக்கும் ‘கூறியது கூறல்’ இங்கே குற்றமாகவே கருதப்படுவதில்லை. வென்றவர்களின் கதைகளை அத்தியாயந்தோறும் நுழைக்கும் ‘மற்றொன்று விரித்தல்’ அலங்காரமாகவே கருதப்படுகிறது. அதிலே ஆபத்தும் உண்டு. 1982-இல் அமெரிக்காவில் பீட்டர்ஸ், வாட்டர்மன் என்ற இருவர், மிகச்சிறந்தவை என்று 43 நிறுவனங்களைப் பொறுக்கி, அவற்றின் குணங்களைப் பட்டியலிட்டு, எல்லாரும் பின்பற்றவேண்டியவை என்று எழுதிய நூல் லட்சக்கணக்கில் விற்றது. இரண்டே ஆண்டில், அவற்றுள் மூன்றிலொரு பங்கு தள்ளாடுவதாக ஒரு வாணிகப் பத்திரிகை அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. ஜெயித்த குதிரையின் நிறத்தைப் பார்த்து, அந்த நிறமே ஓடியது என்று சொன்ன கதைதான்.

இந்த வகையில் எனக்குப் பிரயோஜனப்பட்டது பீட்டர் டிரக்கர் 1967-இல் நிர்வாகிகளுக்காக எழுதிய நூல். உன் நேரம் எங்கே போகிறது என்று உனக்குத் தெரியாது, நினைவை நம்பாதே, நடக்க நடக்கவே குறித்துவை என்பது அவர் போதனையின் சாரம். நானும் குறித்துவைத்தேன். பதினைந்து நாளில், எழுதுவதற்கென்று நான் ஒதுக்கியிருந்த காலை இரண்டுமணி நேரத்தில் எழுதியது சராசரி நாற்பது நிமிஷம் என்று என் கையெழுத்தே என்னை அவமானப்படுத்திற்று. செய்தேன், பார்த்தேன். கணக்கு எழுதுவது, கூட்டக்குறிப்பு எடுப்பது, வாடிக்கையாளருக்குக் கடிதம் வரைவது போன்ற குறுகிய வேலைகளைச் சொல்லித்தரும் நூல்களும் இவ்விதமே சோதனைக்கு உட்படுகின்றன. வாழ்க்கையில் வெற்றி என்ற அகன்ற பொருளைப் பேசுகிறவை உட்படுவதில்லை. பணம் கொடுத்து வாங்குவதாயின் முதல்வகையையே வாங்குங்கள். இரண்டாம் வகையை நூலகத்தில் படித்துக்கொள்ளலாம்.

நூலகம் என்றவுடன் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நினைவுக்கு வருகிறார். நூலகத்துக்கு அவர் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகனின் நேரத்தைச் சேமிக்கவேண்டும் என்பது. இந்திய மாகாணங்களிலே முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் 1948-இல் சென்னையில் நிறைவேறியதற்கு அவர் முயற்சியே காரணம். ஒரு நூலை இரண்டு வாரம் எடுத்துப்போய், ஒரு பயிற்சியையோ ஒரு யோசனையையோ செய்துபார்த்து, பிறகு விலைக்கு வாங்கலாமா என்று தீர்மானிக்கும் வசதி நம் ஊர்க் கிளை நூலகத்திலேயே கிடைக்கையில், அதைப் பயன்படுத்தாமல் அட்டையை நம்பி ஐந்நூறு ரூபாய் கொடுப்பது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நூலகரிடம் நூற்பெயரை மட்டும் கேட்காமல், நீங்கள் செய்யவேண்டிய காரியத்தைச் சொல்லிக் கேளுங்கள். விஷயம் தெரிந்த நூலகர் உங்களை அலமாரிக்கே அழைத்துச்செல்வார்.

இனி ஒரு விண்ணப்பம். செய்துபார்த்து, நூல் சொன்னது தவறு என்று கண்டால், நொந்துகொண்டு மூடிவைத்துவிடாதீர்கள். பக்க எண்ணையும், பதிப்பு ஆண்டையும், நீங்கள் கண்டதையும் 50 காசு அஞ்சலட்டையில் எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். கனூத்தைப் போல அவர்கள் காசோலை அனுப்பமாட்டார்கள். அந்தப் பைத்தான் நூலைப் பற்றி நான் எழுதிய அட்டைக்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டாவது அட்டை எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறேன்.